ஐசா கணக்கை இடம் மாற்றும் உரிமை: ஒரு நாற்பது வருஷக் கதை

லண்டன்லயோ பர்மிங்காம்லயோ வேலை பார்க்கிற ஃப்ரெண்ட் யாராவது உங்களுக்கு இருந்தா, மார்ச் மாசம் அவங்ககிட்ட பேசிப் பாருங்க. "இந்த வருஷ ஐசா போட்டாச்சா?"ன்னு எல்லாரும் பரபரப்பா இருக்கிற சீசன் அது. பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி முடியுது. அந்தத் தேதிக்குள்ள போடலைன்னா, அந்த வருஷத்துக்கான சலுகை போயே போச்சு.

ஐசா என்பது இண்டிவிஜுவல் சேவிங்ஸ் அக்கவுன்ட். பிரிட்டனில் வசிக்கிற, 18 வயசு முடிஞ்ச யாரும் வருஷத்துக்கு 20,000 பவுண்டு வரை இதில் போடலாம். வங்கி டெபாசிட் மாதிரி போட்டா கேஷ் ஐசா. பங்கு, ஃபண்டுன்னு போட்டா ஸ்டாக்ஸ் அண்ட் ஷேர்ஸ் ஐசா. வட்டி, டிவிடெண்ட், விற்கும்போது வர்ற லாபம் எதுக்கும் வரி கிடையாது.

இன்னைக்கு எபிசோட் "எந்த ஐசா நல்லது" என்பதைப் பத்தி இல்லை. ஒரு நிறுவனத்தில் இருக்கிற இந்தக் கணக்கை இன்னொரு நிறுவனத்துக்கு மாத்துறது பத்தி. கேட்க ரொம்ப சின்ன விஷயம். ஒரு ஃபார்ம், கொஞ்ச நாள் காத்திருப்பு, அவ்வளவுதான். ஆனா அந்த ஃபார்முக்குப் பின்னாடி நாற்பது வருஷ இழுபறி இருக்கு. நம்ம பணத்தை நாம எங்க வேணும்னாலும் கொண்டு போகலாமா, அதை யார் முடிவு பண்றது என்பதுதான் அந்த இழுபறி.

வரிவிலக்கு பணத்துக்கு இல்ல, உறைக்கு

முதல்ல ஒரு அடிப்படை. ஐசாவில் இருக்கிற பணம் தனி வகைப் பணம் எல்லாம் இல்லை. ஒரு உறைக்குள்ள இருக்கிற வரைக்கும் அதுக்கு வரி இல்லை, அவ்வளவுதான். வெளியே எடுத்தா சாதாரணப் பணம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் பல வருஷமா சேர்த்து ஐசாவில் 60,000 பவுண்டு வெச்சிருக்கார். வேற வங்கி அதிக வட்டி தருது. மனுஷன் என்ன பண்றார், 60,000-ஐயும் தன் சாதாரணக் கணக்குக்கு எடுத்து, புது வங்கியில் ஐசா திறந்து போடப் போறார். அங்க "வருஷத்துக்கு 20,000 தான் சார்"னு சொல்றாங்க. மீதி 40,000 உறைக்கு வெளியே நிக்குது. திரும்ப உள்ளே போக இன்னும் இரண்டு வருஷ வரம்பு வேணும். அதுவும் அந்த இரண்டு வருஷமும் புதுசா எதையும் சேர்க்காம இருந்தால். 2016-ல் இருந்து, எடுத்த பணத்தை அதே வரி ஆண்டுக்குள்ள திரும்பப் போட அனுமதிக்கிற 'ஃப்ளெக்ஸிபிள்' வகை வந்திருக்கு. ஆனா எல்லா நிறுவனமும் அதைத் தர்றதில்லை.

இதே மனுஷர் பணத்தைத் தொடாமல், புது வங்கியில் ஒரு டிரான்ஸ்ஃபர் ஃபார்ம் கொடுத்திருந்தா, 60,000-மும் உறையோட போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வருஷத்து 20,000 வரம்பிலும் கை வெச்சிருக்காது. பணம் அதேதான், போற வழிதான் வேற. அந்த வழியில் பணம் உரிமையாளர் கைக்கு வரவே கூடாது. ஒரு நிறுவனத்தில் இருந்து இன்னொரு நிறுவனத்துக்கு நேரா போகணும். கூடவே, இது யார் பணம், இந்த வருஷம் எவ்வளவு போட்டார் என்கிற விவரமும் போகணும்.

நம்ம ஊர்ல பிபிஎஃப் கணக்கைத் தபால் ஆபீஸில் இருந்து வங்கிக்கு மாத்துறவங்க இருக்காங்க. ஆனா வட்டியை நிர்ணயிக்கிறது மத்திய அரசு என்பதால், எங்க வெச்சாலும் ஒரே வட்டி. வசதிக்காகத்தான் மாத்துறோம். பிரிட்டனில் அப்படி இல்லை. வட்டியும் கட்டணமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால மாத்துற உரிமை இல்லைன்னா, வரிச்சலுகையில் ஒரு பங்கை நிறுவனமே கட்டணமாகவோ குறைஞ்ச வட்டியாகவோ சாப்பிட்டுவிடும்.

1987: எல்லாரும் பங்குதாரர் ஆகணும்

கதை மார்கரெட் தாட்சர் காலத்தில் ஆரம்பிக்குது. 1984-ல் பிரிட்டிஷ் டெலிகாம், 1986-ல் பிரிட்டிஷ் கேஸ்னு அரசு நிறுவனங்களைப் பங்குகளாக வித்துக்கிட்டிருந்த நேரம். சாதாரண ஜனங்களும் பங்கு வாங்கணும் என்பது அரசியல் லட்சியம். நிதியமைச்சர் நைஜல் லாசன் 1986 பட்ஜெட்டில் பெர்சனல் ஈக்விட்டி பிளான் என்ற திட்டத்தை அறிவித்தார். சுருக்கமா 'பெப்'. 1987 ஜனவரி 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. வருஷத்துக்கு 2,400 பவுண்டு வரை பிரிட்டிஷ் பங்குகளில் போடலாம், லாபத்துக்கு வரி இல்லை.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. பெப்பை நீங்களே நடத்த முடியாது. வரித்துறை அங்கீகரிச்ச 'பிளான் மேனேஜர்' ஒருத்தர் நடுவுல இருக்கணும். யார் எவ்வளவு போட்டாங்க, விதியை மீறினாங்களா என்று அரசுக்குக் கணக்கு காட்ட ஒரு ஆள் வேணும் இல்லையா? கோடிக்கணக்கான ஜனங்களைத் தனித்தனியா சோதிக்கிறதைவிட, சில நூறு நிறுவனங்களைச் சோதிக்கிறது சுலபம். நிர்வாகத்துக்கு இது நியாயமான ஏற்பாடுதான். ஆனா அதோட விளைவு என்ன? உங்களுக்கும் உங்க வரிச்சலுகைக்கும் நடுவுல ஒரு தனியார் நிறுவனம் வந்து உட்கார்ந்தது. சலுகையைக் கொடுத்தது அரசு. அதைக் கையில் வெச்சிருந்தது நிறுவனம். இடம் மாத்துற பிரச்சினை பிறந்தது இங்கதான்.

1991: அஞ்சு வருஷப் பூட்டு

பெப்பில் ஒரு குறை இருந்தது. பங்குச் சந்தைன்னாலே பயப்படுறவங்களுக்கு அதில் ஒண்ணும் இல்லை. லாசனுக்குப் பிறகு நிதியமைச்சரா வந்த ஜான் மேஜர், 1990 பட்ஜெட்டில் டெஸ்ஸா என்ற சேமிப்புக் கணக்கை அறிவித்தார். பிரிட்டனில் வங்கி வட்டிக்கு அடிப்படையான மத்திய வட்டி விகிதம் அப்போ 15%. கடன் வாங்கினவங்க திணறிக்கிட்டிருந்தாங்க. சேமிக்கிறவங்களைக் கூட்டணும் என்பது அரசோட கணக்கு. 1991 ஜனவரியில் டெஸ்ஸா தொடங்கியபோது மேஜர் பிரதமராகவே ஆகிவிட்டிருந்தார்.

டெஸ்ஸாவில் அஞ்சு வருஷத்தில் மொத்தம் 9,000 பவுண்டு வரை போடலாம். அசலை அஞ்சு வருஷம் தொடாமல் இருந்தால்தான் வட்டிக்கு வரி இல்லை. அப்போ ரெண்டாவது வருஷமே உங்க வங்கி வட்டியைக் குறைச்சா? கணக்கை மூடினா வரிவிலக்கு காலி. ஆனா மூடாமல் வேற வங்கிக்கு அப்படியே மாத்தலாம், அஞ்சு வருஷக் கணக்கு தொடரும் என்று விதி சொன்னது.

காகிதத்தில் உரிமை இருந்தது. நடைமுறையில், "நடுவுல போனா போனஸ் கிடையாது", "அபராதம் உண்டு" என்று நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு விதி போட்டன. மாத்தலாம் என்று அரசு சொன்னது, எவ்வளவு செலவில் மாத்தலாம் என்று நிறுவனம் சொன்னது. இந்த இரட்டைப் பேச்சு அடுத்த முப்பது வருஷத்துக்கும் தொடரும், பாருங்க.

1999: ஐசாவும் 50,000 பவுண்டு சண்டையும்

1997 மே மாசம் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தது. பெப், டெஸ்ஸா ரெண்டையும் நிறுத்திட்டு ஒரே கணக்காக ஐசாவைக் கொண்டு வருவோம் என்றார் புது நிதியமைச்சர் கோர்டன் பிரவுன். அந்த டிசம்பரில் வந்த வரைவில் ஒரு வரி பெரிய சண்டையைக் கிளப்பியது. பழைய பெப், டெஸ்ஸாவில் இருந்து ஐசாவுக்கு வாழ்நாளில் மொத்தம் 50,000 பவுண்டு வரைதான் கொண்டு வரலாம். அதுக்கு மேல இருக்கிறதுக்கு வரிவிலக்கு கிடையாது.

பத்து வருஷமா அரசு சொன்ன விதிப்படியே சேர்த்தவங்க கொதிச்சுப் போனாங்க. "நீங்க சொன்ன கணக்கில், நீங்க சொன்ன வரம்புக்குள்ள போட்டோம். இப்போ பழையதைத் தொடலாமா?" என்பது கேள்வி. அரசுப் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வருஷா வருஷம் முழு வரம்பையும் போட முடிஞ்சது வசதியானவங்களால மட்டும்தான். எல்லாருடைய வரிப் பணத்தில் இருந்து அவங்களுக்கு எவ்வளவு காலம் சலுகை கொடுக்கிறது? ஆனா 1998 மார்ச் பட்ஜெட்டில் அந்த 50,000 வரம்பைக் கைவிட்டாங்க. ஒரு தடவை உறைக்குள்ள போன பணத்தை அரசு பின்னாடி வந்து வெளியே இழுக்காது என்ற எதிர்பார்ப்பு அன்னைக்குப் பலமாச்சு.

1999 ஏப்ரல் 6-ம் தேதி ஐசா தொடங்கியது. முதல் வருஷ வரம்பு 7,000 பவுண்டு. மினி, மேக்ஸி என்று ரெண்டு வகை வெச்சு ஜனங்களை நல்லாக் குழப்பினாங்க. ஒரே வருஷத்தில் ஒரு இடத்தில் மினியும் இன்னொரு இடத்தில் மேக்ஸியும் திறந்தா விதிமீறல். தெரியாமல் செஞ்சவங்க ஏராளம்.

மாத்துற விதி மட்டும் ஓரளவு தெளிவா இருந்தது. நீங்க கேட்டா, உங்க நிறுவனம் கணக்கை அனுப்பியே ஆகணும். ஆனா புது நிறுவனம் அதை ஏத்துக்கணும் என்ற கட்டாயம் இல்லை. கிளம்புறது உரிமை, உள்ளே விடுறது அவங்க இஷ்டம். இந்த விதி இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. விளம்பரத்தில் பளபளன்னு தெரியிற வட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் "டிரான்ஸ்ஃபர் ஏற்கப்படாது"ன்னு இருந்தா, காரணம் இதுதான்.

2010: 23 நாளில் இருந்து 15 நாளுக்கு

அடுத்த தடை சட்டத்தில் இல்லை, தபாலில் இருந்தது. பழைய வங்கிக்குக் கடிதம் போகணும், அவங்க கையெழுத்தைச் சரிபார்க்கணும், செக் எழுதித் தபாலில் அனுப்பணும், புது வங்கி அதைப் போடணும். வாரக்கணக்கில் இழுத்தது.

2009 மார்ச்சில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி விகிதத்தை 0.5%-க்கு இறக்கியது. சேமிப்புக்குக் கிடைக்கிற வட்டி கரைஞ்சு போச்சு. பல கேஷ் ஐசாக்களில் முதல் வருஷம் மட்டும் கவர்ச்சியான போனஸ் வட்டி, அது முடிஞ்சதும் வட்டி சரசரன்னு இறங்கும். நல்ல வட்டி வேணும்னா வருஷா வருஷம் மாத்திக்கிட்டே இருக்கணும். மாத்தப் போனா நாள்கணக்கில் காத்திருக்கணும்.

2010 மார்ச் 31-ம் தேதி கன்ஸ்யூமர் ஃபோகஸ் என்ற நுகர்வோர் அமைப்பு ஒரு 'சூப்பர் கம்ப்ளெயின்ட்' கொடுத்தது. பேர் சினிமா மாதிரி இருக்கு, ஆனா சட்டத்தில் இருக்கிற வார்த்தைதான். 2002-ல் வந்த ஒரு சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் அமைப்பு ஒரு சந்தை முழுக்கவே சரியில்லைன்னு புகார் கொடுக்கலாம். நியாய வர்த்தக அலுவலகம் அப்போ 90 நாளுக்குள்ள பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

ஜூன் மாசம் பதில் வந்தது. வங்கிகளும் இறங்கி வந்தன. மாத்துறதுக்கான காலக்கெடு 23 வேலை நாளில் இருந்து 15 வேலை நாளாக அந்த வருஷக் கடைசிக்குள்ள குறையும், செக்குக்குப் பதிலாக மின்னணு முறையில் பணம் போகும், ஸ்டேட்மென்ட்டில் வட்டி விகிதத்தை அச்சடிப்பாங்க என்று ஒப்புக்கிட்டாங்க. கடைசியா சொன்னதை யோசிச்சுப் பாருங்க. அது வரைக்கும் தன் கணக்குக்கு என்ன வட்டி வருதுன்னு தெரிஞ்சுக்க, வாடிக்கையாளர்தான் தேடிப் போகணும். என்ன வட்டின்னே தெரியாதவர் எதுக்கு மாத்தப் போறார்?

அதே கால கட்டத்தில், 2011 ஜனவரியில், இந்தியா முழுக்க மொபைல் நம்பரை வெச்சுக்கிட்டே நெட்வொர்க் மாத்துற வசதி வந்தது. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, ஆனா யோசனை ஒண்ணுதான். நம்பர் கம்பெனியோடது இல்லை, உன்னோடது.

மாட்டிக்கிட்ட 60 லட்சம் குழந்தைகள்

மாத்த முடியாட்டி என்ன ஆகும்? அதுக்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கு. 2002 செப்டம்பர் 1-ல் இருந்து 2011 ஜனவரி 2 வரை பிறந்த குழந்தைகளுக்காக சைல்டு டிரஸ்ட் ஃபண்ட் என்ற கணக்கை அரசு தொடங்கியது. சுமார் 60 லட்சம் கணக்குகள். 2011 நவம்பரில் அதுக்குப் பதிலாக ஜூனியர் ஐசா வந்தது. ஆனா பழைய கணக்கு வெச்சிருக்கிற குழந்தை ஜூனியர் ஐசா திறக்க முடியாது, பழையதில் இருந்து மாத்தவும் முடியாது.

நிறுவனங்கள் எல்லாம் புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஜூனியர் ஐசா பக்கம் ஓடின. பழைய கணக்குகளில் போட்டியே இல்லாமல் போச்சு. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பழைய கணக்கு, தம்பிக்கு ஜூனியர் ஐசா. தம்பிக்கு வட்டியும் அதிகம், தேர்ந்தெடுக்க நிறுவனங்களும் அதிகம். பிறந்த தேதியைத் தவிர ரெண்டு பேருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. 2015 ஏப்ரலில்தான் மாத்த அனுமதி கொடுத்தாங்க. போகவே முடியாத வாடிக்கையாளருக்கு நல்ல வட்டி கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் அவசரம் இருக்காது. மாத்துற உரிமையோட மதிப்பு இதுல தெளிவாத் தெரியுது.

பங்கை விக்காம மாத்துறது

கேஷ் ஐசாவில் மாறுவது வெறும் பணம். பங்கு ஐசாவில் விஷயம் சிக்கல். ஃபண்டு யூனிட், பங்கு எல்லாத்தையும் வித்துப் பணமாக்கி அனுப்பலாம். ஆனா அந்த இடைப்பட்ட நாள்களில் சந்தை ஏறிட்டா நஷ்டம் உங்களுக்கு. இன்னொரு வழி, விக்காம பங்கை அப்படியே கைமாத்துறது. ரெண்டு நிறுவனத்திலும் அதே ஃபண்டு இருக்கணும். பல நேரம் பேர் ஒண்ணா இருக்கும், கட்டண வகை வேறயா இருக்கும். இது போதாதுன்னு ஒவ்வொரு பங்குக்கும் வெளியேற்றக் கட்டணம் வேற.

நிதிச் சந்தைகளைக் கண்காணிக்கிற எஃப்சிஏ, ஆன்லைன் முதலீட்டுத் தளங்களை ஆராய்ந்து 2019 மார்ச்சில் இறுதி அறிக்கை வெளியிட்டது. வெளியேற்றக் கட்டணத்துக்குக் கடிவாளம் போடலாமான்னு யோசிக்கிறோம் என்றார்கள். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே சில பெரிய தளங்கள் தானாகவே கட்டணத்தை எடுத்துவிட்டன. ரெண்டு தளத்திலும் இருக்கிற ஃபண்டை விக்காம மாத்த வழி கொடுத்தே ஆகணும் என்ற விதியையும் அந்த வருஷக் கடைசியில் வெளியிட்டாங்க. இன்னைக்கு கேஷ் ஐசாவில் இருந்து கேஷ் ஐசாவுக்கு 15 வேலை நாள், மத்த வகைகளுக்கு 30 நாள் என்பது பொதுவான கெடு.

ஒருவழிப் பாதைகள்

இது வரைக்கும் நிறுவனங்களைப் பத்திப் பேசினோம். இப்போ அரசைப் பத்தி. நிறுவனம் மாத்துறது ஒண்ணு, வகை மாத்துறது இன்னொண்ணு. எந்த வகையில் இருந்து எந்த வகைக்கு மாறலாம் என்ற விதிகளை வரிசையா வெச்சுப் பார்த்தா, ஒவ்வொரு அரசும் ஜனங்க பணம் எங்க போகணும்னு ஆசைப்பட்டதுன்னு தெரியும்.

2008 ஏப்ரல் வரைக்கும் கேஷ் ஐசா பணம் கேஷ் ஐசாவுக்கு மட்டும்தான் போகலாம். 2008-ல் மினி, மேக்ஸி குழப்பத்தை ஒழிச்சாங்க, பழைய பெப் எல்லாம் பங்கு ஐசாவாக மாறியது. கேஷில் இருந்து பங்குக்குப் போகலாம் என்றார்கள். திரும்பி வர முடியாது. 2014 ஜூலையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வரம்பை 15,000 ஆக்கி, பங்கில் இருந்து கேஷுக்கும் வரலாம் என்று திறந்துவிட்டார். ரிட்டயர்மென்ட்டை நெருங்குறவங்க பங்கைக் குறைச்சு பத்திரமா வைக்க அது பெரிய உதவி. 2017-ல் வரம்பு 20,000 ஆச்சு. 2024 ஏப்ரலில், நடப்பு வருஷத்தில் போட்ட பணத்தில் ஒரு பகுதியை மட்டும்கூட மாத்தலாம், ஒரே வகையில் எத்தனை ஐசா வேணும்னாலும் திறக்கலாம் என்றார்கள்.

இப்போ காத்து திரும்பியிருக்கு. 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தபடி, 2027 ஏப்ரலில் இருந்து 65 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க 20,000-ல் 12,000 வரைதான் கேஷ் ஐசாவில் போடலாம். மீதி பங்குப் பக்கம்தான். பங்கு ஐசாவில் போட்டுட்டு நைசா கேஷுக்கு மாத்திட்டா வரம்புக்கு அர்த்தம் இல்லையே? அதனால அந்த வயசுக்காரங்களுக்குப் பங்கில் இருந்து கேஷுக்கு மாத்துறதையும் நிறுத்தப் போறாங்க. 2014-ல் திறந்தது 2027-ல் மூடப்படுது. 1987-ல் லாசன் வெச்ச அதே ஆசை, வேற ரூபத்தில்: ஜனங்க பங்கு வாங்கணும்.

இது சரியா தப்பான்னு ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. நீண்ட காலத்துக்கு கேஷாவே வெச்சிருந்தா விலைவாசி அரிச்சிடும் என்பது அரசுப் பக்கம். வீடு வாங்கவோ அவசரத்துக்கோ சேர்க்கிற 30 வயசுக்காரருக்குச் சந்தை ஏற்ற இறக்கத்தைத் தாங்கச் சொல்ல நீங்க யார் என்பது எதிர்ப் பக்கம்.

நிறுவனம் விட்டு நிறுவனம் போற உரிமை வருஷா வருஷம் வளர்ந்திருக்கு. வகை விட்டு வகை போற உரிமை அரசோட மனசுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்குது. முதல் உரிமை வந்தது வாடிக்கையாளர்கள் புகார் கொடுத்ததால, சத்தம் போட்டதால. ரெண்டாவது பட்ஜெட் உரையில் ஒரு பத்தி, அடுத்த பட்ஜெட்டில் மாறலாம்.

உங்களுக்கோ ஃப்ரெண்டுக்கோ ஐசா இருந்தா, மூணே விஷயம். மாத்தணும்னா பணத்தை எடுக்காதீங்க, புது நிறுவனத்தில் டிரான்ஸ்ஃபர் ஃபார்ம் கொடுங்க, பழைய நிறுவனத்திடம் பேச வேண்டியதை அவங்களே பேசிக்குவாங்க. புது இடம் டிரான்ஸ்ஃபர் ஏத்துக்குமா, பழைய இடத்தில் வெளியேற்றக் கட்டணமோ முன்கூட்டி முடிக்கிற அபராதமோ இருக்கான்னு முதல்ல கேளுங்க. லைஃப்டைம் ஐசாவா இருந்தா ரொம்ப ஜாக்கிரதை. 60 வயசுக்கு முன்னாடி வேற வகைக்கு மாத்தினா பொதுவா 25% பிடிச்சுக்குவாங்க, இன்னொரு லைஃப்டைம் ஐசாவுக்கு மாத்தினா பிடிக்க மாட்டாங்க.

இது முதலீட்டு ஆலோசனை இல்லை, வரலாறுதான். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.